புராண மிருகங்களுக்குத் தோட்டா வடிவமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரக்கர்களும் டிராகன்களும் துப்பாக்கிகளும் ஒன்றாக உலவுகிற, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் ஒரு மேசை விளையாட்டைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். அதே மாதிரி கதை எழுதுகிற நண்பர்களின் கைப்பிரதிகளையும் படித்துக் கொடுக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் வருவது ஒரே சந்தேகம்தான்: "இதை எதால் சுடுவது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். இது முழுக்கக் காகிதத்தில் நடக்கும் வேட்டை. யாரும் உலையைப் பற்றவைக்க வேண்டாம்.

தோட்டா, குண்டு, ரவை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. தோட்டா என்பது முழுப் பொட்டலம்: பித்தளைக் கூடு, அடியில் பொறி தரும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. குழலை விட்டு வெளியே போவது குண்டு மட்டும்தான். ரவை என்பது ஷாட்கன் தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள்.

"வெள்ளித் தோட்டா" என்று நாம் பேச்சுவாக்கில் சொன்னாலும் வெள்ளி தேவைப்படுவது குண்டுக்கு மட்டுமே. கூடு சுட்டவன் காலடியில் விழுந்து கிடக்கும். ஒரு கைப்பிரதியில் கூட்டையும் வெள்ளியில் செய்திருந்தார்கள். ஓநாய் மனிதன் அந்தக் கூட்டை மிதித்துக் கால் வெந்துபோவதாக அடுத்த பக்கத்தில் வந்ததால் மன்னித்துவிட்டேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? உலோகத்திலிருந்தா, துப்பாக்கியிலிருந்தா?

இரண்டிலிருந்தும் இல்லை. அந்த மிருகம் எதனால் சாகும் என்பதிலிருந்து. அதை ஒரே வரியில் எழுத முடியவில்லை என்றால் தோட்டாவைத் தொடாதீர்கள்.

சில மிருகங்கள் உடம்பால் சாகும். டிராகனுக்கு இதயம், மூளை, ரத்தம் எல்லாம் உண்டு, பெரிசாக இருக்கிறது, அவ்வளவுதான். இங்கே கணக்கு வேலை செய்யும். சில மிருகங்கள் பொருளால் சாகும். வெள்ளி பட வேண்டும், இரும்பு பட வேண்டும். இங்கே குண்டு என்பது அந்தப் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி. இன்னும் சில வாக்கால் கட்டப்பட்டவை: வரம், சாபம், ஒப்பந்தம். அங்கே வெடிமருந்தைவிட வக்கீல் புத்திதான் உதவும். கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வந்தவை.

ஓநாய் மனிதனுக்கு வெள்ளி என்பது ரொம்பப் பழைய நம்பிக்கையா?

நினைப்பது போல அவ்வளவு பழசு இல்லை. பிரான்சின் ஜெவோடான் பகுதியில் 1764 முதல் 1767 வரை ஆட்களைக் கொன்று திரிந்த மிருகத்தை ஜான் ஷாஸ்டெல் என்பவர் வெள்ளிக் குண்டால் சுட்டார் என்று எல்லோரும் சொல்வார்கள். சுட்டது உண்மை, 1767 ஜூன் 19. வெள்ளி மட்டும் பின்னால் வந்த எழுத்தாளர்கள் சேர்த்தது.

வெள்ளியின் பழைய வேலை வேறு: சாதாரணக் குண்டு ஏறாத ஆளை வீழ்த்துவது. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஒரு கதையில் சூனியக்காரிமேல் ஈயக் குண்டு ஏறாது. வேட்டைக்காரன் தன் சட்டையிலிருந்து மூன்று வெள்ளிப் பொத்தான்களைப் பிய்த்துத் துப்பாக்கியில் போட்டுச் சுடுவான், அவள் அலறிக்கொண்டு விழுவாள். 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கி போரில் இறந்த டண்டி பிரபுவைப் பற்றியும் இதே மாதிரி வெள்ளிக் குண்டுக் கதை உண்டு. 1718இல் சுடப்பட்டு இறந்த ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்ல்ஸை அவருடைய சொந்தச் சட்டைப் பொத்தான்தான் கொன்றது என்று அங்கே மக்கள் நம்பினார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம் உலோகம் அல்ல, பொத்தான். கையில் இருந்ததைப் பிய்த்துப் போடுகிற அந்த அவசரம்.

வெள்ளிக் குண்டு ஈயக் குண்டு மாதிரியே பறக்குமா?

கிட்டத்தட்ட. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், வெள்ளிக்கு 10.5. ஒரே அச்சில் வார்த்தால் 10 கிராம் ஈயக் குண்டு இருக்கும் இடத்தில் 9 கிராமுக்குச் சற்று மேல் வெள்ளி வரும். கொஞ்சம் வேகமாகக் கிளம்பும், வேகத்தைக் கொஞ்சம் சீக்கிரம் இழக்கும். ஈயத்தோடு பழகியவனுக்கு முதல் தோட்டா சற்றுத் தள்ளிப் படும், இரண்டாவதில் சரிசெய்துகொள்வான். அந்த இரண்டாவது தோட்டா அவனிடம் இருக்கிறதா என்பதுதான் கதை.

உண்மையான தலைவலி வார்ப்பில் இருக்கிறது. ஈயம் 327 டிகிரியில் உருகும், வெள்ளிக்கு 962 வேண்டும். வீட்டு அடுப்பில் உருக்கி ஒரே ராத்திரியில் பத்துக் குண்டு வார்த்தான் என்று எழுதாதீர்கள். அது மட்டுமில்லை, உருகிய வெள்ளி காற்றில் உள்ள ஆக்சிஜனை நிறைய இழுத்து வைத்துக்கொள்ளும், இறுகும்போது அதைத் துப்பிவிடும். மேல்பரப்பில் சின்னச் சின்ன எரிமலை மாதிரி கொப்பளிக்கும். உள்ளே குமிழி தங்கினால் குண்டின் ஒரு பக்கம் கனம் குறையும், சுழலும்போது தள்ளாடும். பொற்கொல்லர் ஒருவர் வார்த்த குண்டுகளை உருட்டி உருட்டிப் பார்த்துப் பாதியைத் திரும்ப மூசையில் போடுகிற காட்சி ஒன்று போதும், வாசகர் நம்பிவிடுவார்.

குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளங்களில் வெள்ளி பதியாது, ஈயத்தைவிடக் கடினமாயிற்றே என்றும் கேட்பார்கள். இன்றைய குண்டுகளுக்கு மேலே இருப்பது செம்பு உறை. அதுவே பதியும்போது வெள்ளி பதியாதா?

அப்போ வெள்ளி முலாம் பூசினால் போதாதா? செலவும் மிச்சம்.

என் விளையாட்டில் இந்த ஒரு கேள்விக்காக ஒரு முழு மாலை சண்டை நடந்தது. தப்பு என்மேல்தான். வெள்ளி எப்படி வேலை செய்கிறது என்று நான் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை.

வெள்ளி விஷம் மாதிரி என்றால் எத்தனை கிராம் உள்ளே தங்குகிறது என்பதே கணக்கு. முலாம் என்பது முடியைவிட மெல்லிய தோல், அது போதாது. வெள்ளி தொட்டாலே சுடும் என்றால் முலாம் போதும், ஆனால் குழலின் பள்ளங்கள் அதைக் கோடு கோடாக உரித்துவிடும். வெள்ளி நிலவின் உலோகம், தூய்மையின் அடையாளம் என்றால் முலாம் பூசுவது மோசடி. அந்த மோசடியை மிருகம் மன்னிக்குமா என்பது உங்கள் முடிவு. 30 முழு வெள்ளிக் குண்டுக்கு 280 கிராம் அளவுக்கு வெள்ளி போகும். செலவை மிச்சப்படுத்தப் பார்க்கும் ஆட்களுக்கு இதைச் சொல்லிப் பயமுறுத்தலாம்.

ரத்தக் காட்டேரியை மரக் குண்டால் சுடலாமா? நெஞ்சில் ஆப்பு அடிப்பது மாதிரிதானே?

மேலே சொன்ன 10 கிராம் ஈயக் குண்டின் அளவில் மரத்தைச் செதுக்கினால் எடை ஒரு கிராமைக்கூடத் தொடாது, அரை கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். காற்று அதைக் கொஞ்ச தூரத்திலேயே பிடித்து நிறுத்திவிடும். இருபதாம் நூற்றாண்டில் சில ராணுவங்கள் பயிற்சிக்கான வெற்றுத் தோட்டாவில் மரக் குண்டு வைத்திருந்தன. குழல் முனையிலேயே சிதறிப்போகட்டும், யாருக்கும் காயம் படக்கூடாது என்பதற்காகத்தான் மரம். காட்டேரிக்கு எதிராக நீங்கள் தேர்ந்தெடுப்பதும் அதே குண்டு! மரம்தான் வேண்டும் என்றால் குறுக்குவில்லுக்குப் போங்கள். நீளமான தண்டு, போதுமான எடை, ஆப்புக்கும் அம்புக்கும் உருவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் ஸ்லாவிய நாட்டுப்புற நம்பிக்கையில் இதைவிட அழகான ஆயுதம் இருக்கிறது. காட்டேரி வரும் வழியில் கசகசா, தினை போன்ற பொடி மணிகளைக் கொட்டி வைப்பார்கள். அது ஒவ்வொன்றாக எண்ணி முடிக்காமல் நகராது. விடிந்துவிடும். கசகசா நிரப்பிய ஷாட்கன் தோட்டாவுக்குக் குறி பார்க்கவே வேண்டாம், தரையில் சுட்டால் போதும். என் விளையாட்டில் ஒரு பெண் இதைச் செய்தார். காட்டேரி எண்ணிக்கொண்டே திட்டியது, நடுவில் கணக்கு தவறி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

இரும்புக்குப் பயப்படும் ஆவிகளுக்கும் வனதேவதைகளுக்கும் தனித் தோட்டா செய்ய வேண்டுமா?

வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது. ஈய ரவை நீர்நிலைகளை நஞ்சாக்குகிறது என்பதால் அமெரிக்காவில் 1991 முதல் வாத்து போன்ற நீர்ப்பறவை வேட்டைக்கு அது தடை. அதற்குப் பதில் பெரும்பாலும் எஃகு ரவைதான். எஃகில் பெரும்பகுதி இரும்பு. வாத்து சுடப் போன ஒருவர் தன்னை அறியாமலே வனதேவதைகளுக்கு எதிராக முழு ஆயுதத்தோடு நிற்கிறார் என்பது நல்ல கதைத் தொடக்கம்.

"குளிர்ந்த இரும்பு" என்று பழைய ஆங்கிலப் பாடல்களில் வருவதைச் சிலர் தனி உலோகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது இரும்புக்குக் கவிஞர்கள் வைத்த பட்டப்பெயர்தான்.

பெரிய குண்டாகப் போட்டால் மிருகம் பின்னால் பறந்து போய் விழும்தானே?

விழாது. 10 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் போய் 80 கிலோ ஓநாய் மனிதனுக்குள் தங்கினால், அவன் பின்னால் தள்ளப்படும் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர். யாரோ தோளில் கை வைத்து நகர்த்தின மாதிரி. குண்டு எதிரியை எந்த அளவு உதைக்கிறதோ, ஏறத்தாழ அதே அளவு சுட்டவனையும் உதைக்கும். மிருகம் பறக்கும் என்றால் நீங்களும் பறக்க வேண்டும்.

அப்படியானால் குண்டு என்னதான் செய்கிறது? ஓட்டை போடுகிறது. அந்த ஓட்டை மூளை, தண்டுவடம் வழியாகப் போனால் உடனே விழும். இதயம் வழியாகப் போனால் ரத்தம் வடிந்து சில நொடி கழித்து விழும். அந்தச் சில நொடியில் ஓநாய் மனிதன் எவ்வளவு தூரம் ஓடி வருவான் என்று எழுதுபவர்கள் யோசிப்பதே இல்லை. 20 மீட்டர் சர்வசாதாரணம்.

டிராகன் செதிலைத் துளைக்க என்ன வேண்டும்?

முதலில் அளவைப் பாருங்கள். கலிலியோ 1638லேயே சொல்லிவிட்டுப் போனார்: உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். 5 டன் யானையை அப்படிப் பெரிதாக்கி டிராகன் என்று வைத்துக்கொண்டால் 40 டன். ஆனால் குண்டுக்கு அந்த எட்டு மடங்கு முக்கியமில்லை. தோல் இரண்டு மடங்கு தடிப்பு, இதயம் இரண்டு மடங்கு ஆழத்தில். ஆகவே இரண்டு மடங்கு ஆழம் போகும் குண்டு வேண்டும், அவ்வளவே. அதற்கு அகலமான குண்டு உதவாது. ஒல்லியாக, நீளமாக, கனமாக, உள்ளே போனதும் விரியாமல் இருக்க வேண்டும். மான் சுடும் மென்முனைக் குண்டு பட்டதும் பூ மாதிரி விரியும், டிராகனின் முதல் செதிலிலேயே விரிந்து நின்றுவிடும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.3, ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், கடினமும் அதிகம். உங்கள் கதையின் உலகத்தில் டங்ஸ்டன் இல்லையென்றால் கெட்டியான எஃகு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்ற வேட்டைக்காரர் பெரும்பாலும் பயன்படுத்தியது 7 மில்லிமீட்டர் குண்டு. மற்றவர்கள் அதே காலத்தில் 58 கிராம் குண்டு விடும் பீரங்கி மாதிரியான இரட்டைக்குழல் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பெல் யானை மண்டையோட்டை அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தார். அவர் செய்தது பாராட்டும்படியான காரியம் இல்லை, ஆனால் பாடம் பாடம்தான். உங்கள் கதையில் செத்த டிராகனை அறுத்துப் பார்த்த ஒருவர் இருந்தால், ஆயுதக்கிடங்கைவிட அவர் மதிப்பானவர்.

செதில் பற்றி ஒன்று. மீனைக் கையில் பிடித்து வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவிப் பாருங்கள், விரல் நகம் செதிலுக்கு அடியில் மாட்டும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும். டிராகனின் செதிலும் ஓடு வேய்ந்த மாதிரி பின்பக்கம் சரிந்திருந்தால், எதிரே நின்று சுடும் வீரனின் குண்டு வழுக்கிக்கொண்டு போகும். பின்னாலிருந்து சுடுபவனின் குண்டு இடுக்கில் நுழையும். வட ஐரோப்பியக் கதையில் சிகுர்ட் என்ற வீரன் பள்ளம் தோண்டி ஒளிந்திருந்து ஃபாஃப்னிர் என்ற டிராகனின் அடிப்பக்கத்தில் வாளைச் செருகியதும் இதே புத்திதான். துணிச்சலானவன் செத்துப்போவான், கோழை ஜெயிப்பான் என்பதால் பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

எதுவுமே துளைக்காத தோல் என்றால்?

நெமியாச் சிங்கம் அப்படித்தான். கிரேக்கக் கதை வீரர் ஹெராக்ளிஸ் விட்ட அம்புகள் பட்டுத் தெறித்தன. கடைசியில் கழுத்தை நெரித்துக் கொன்றார். தோல் துளையாது என்றால் உள்ளே இருப்பது நொறுங்காது என்று அர்த்தமில்லை. மூச்சுக்குழாய் நசுங்கும், மூளை மண்டையோட்டில் மோதும். ஆகவே கூர்முனையை விட்டுவிட்டுக் கனமான, மொட்டையான குண்டுக்குப் போங்கள். கொல்லாவிட்டாலும் தலை சுற்ற வைக்கும். கயிறு வைத்திருப்பவன் பக்கத்தில் இருக்கட்டும். வாயும் கண்ணும் தோல் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பறந்து வரும் கூட்டத்துக்கு நிறைய தோட்டா போதுமா?

1932இல் ஆஸ்திரேலியாவில் பயிரை நாசம் செய்த ஈமு பறவைகளுக்கு எதிராக ராணுவம் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியும் 10,000 தோட்டாவும் கொண்டு இறங்கியது. 9,860 தோட்டாவில் 986 பறவை என்று தளபதி கணக்குக் கொடுத்தார். பறவைக்குப் பத்து. அதுவும் பறக்கத் தெரியாத பறவை, அதுவும் தளபதியே கொடுத்த கணக்கு.

ஸ்டிம்ஃபாலஸ் ஏரிப் பறவைகளிடம் ஹெராக்ளிஸ் செய்தது வேறு. வெண்கலக் கிலுகிலுப்பையை ஆட்டி அவற்றைக் கிளப்பிவிட்டு, எழும்பியதும் அம்பு விட்டார். முதல் தோட்டா சத்தத்துக்கு, அடுத்தது உயிருக்கு. வெற்றுத் தோட்டாவையும் வடிவமைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், மலிவானது.

தலையை வெட்ட வெட்ட முளைக்கிறதே, அதற்கு?

ஹைட்ரா என்ற பல தலைப் பாம்பை ஹெராக்ளிஸால் தனியாளாக வெல்ல முடியவில்லை. சகோதரர் மகன் அயோலாஸ் தீவட்டியோடு வந்து வெட்டின கழுத்தையெல்லாம் பொசுக்கிய பிறகுதான் வென்றார். ஒரே தோட்டாவில் இரண்டு வேலையையும் திணிக்கப் பார்க்காதீர்கள். துளைப்பவர் ஒருவர், பொசுக்குபவர் ஒருவர் என்று பிரித்தால் காட்சியும் நன்றாக இருக்கும்.

ரக்தபீஜன் என்ற அசுரன் இன்னும் மோசம். அவன் ரத்தம் ஒரு சொட்டு மண்ணில் விழுந்தால் இன்னொரு ரக்தபீஜன் எழுவான். ஷாட்கன் எடுத்துக்கொண்டு போனால் ஒரு படையையே உண்டாக்கிவிடுவீர்கள். சிதறும் குண்டு, விரியும் குண்டு, ஊடுருவி மறுபக்கம் வெளியே வரும் குண்டு மூன்றும் தடை. காளி அந்த ரத்தம் தரையில் படும் முன்பே குடித்துத் தீர்த்தாள். நம் ஆட்களுக்கு நெமியாச் சிங்கத்துக்குச் சொன்ன மொட்டைக் குண்டுதான் கதி.

கடலுக்குள் இருக்கும் மிருகத்தைக் கப்பலிலிருந்து சுட்டால்?

தண்ணீர் காற்றைப்போல 800 மடங்கு அடர்த்தி. வேகமான ரைஃபிள் குண்டு நீரில் நுழைந்ததும் உடைந்துவிடும் அல்லது ஓரிரு மீட்டரில் தளர்ந்துவிடும். கிராக்கன் என்ற ராட்சதக் கடல் மிருகம் ஓர் ஆள் ஆழத்துக்கு அமிழ்ந்தாலே போதும். 1970களில் சோவியத் யூனியன் தண்ணீருக்கடியில் சுடும் துப்பாக்கி ஒன்றை உருவாக்கியது. அதன் குண்டு 12 சென்டிமீட்டர் நீள எஃகு ஊசி. ஆழம் கூடக் கூட அதற்கும் எட்டும் தூரம் குறையும்.

இன்னொரு வழி திமிங்கில வேட்டைக்காரர்களுடையது: கயிறு கட்டிய ஈட்டி. நார்வேயின் ஸ்வென் ஃபோய்ன் 1870இல் காப்புரிமை பெற்ற பீரங்கி ஈட்டி பட்டதும் உள்ளே வெடிக்கும். கிராக்கனை இப்படிக் கட்டினால் யார் யாரை இழுக்கிறார்கள் என்பது தனிப் பிரச்சினை.

பார்த்தாலே சாவு, தொட்டாலே சாவு என்கிற மிருகங்களை எப்படிக் குறி பார்ப்பது?

பசிலிஸ்க் என்ற நச்சுப் பாம்பைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி சொல்கிறார். குதிரைமேல் இருந்த ஒருவன் அதை ஈட்டியால் குத்தினான், விஷம் ஈட்டி வழியாகவே ஏறி ஆளையும் குதிரையையும் சேர்த்துக் கொன்றது. துப்பாக்கிக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் கிடையாது. குண்டுக்கும் கைக்கும் நடுவே எதுவும் இல்லை. கயிறு கட்டிய ஈட்டியை இங்கே கொண்டுவராதீர்கள்.

பார்த்தவர்களைக் கல்லாக்கும் மெடூசாவை பெர்சியுஸ் கேடயத்தில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்து வெட்டினார். கண்ணாடியில் பார்த்துச் சுடும்போது இடமும் வலமும் மாறும், கை தப்பான பக்கம் நகரும். ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நூலை ஊசியில் கோத்துப் பாருங்கள், உங்கள் கதாநாயகனுக்கு எத்தனை மாதப் பயிற்சி தேவை என்று புரிந்துவிடும். பிளினியின் கணக்கில் பசிலிஸ்க்குக்கு எமன் மரநாய் இனத்துச் சின்னப் பிராணி ஒன்று, அதன் நாற்றமே போதும். நாற்றத்தை ஒரு கூட்டில் அடைத்து வீசலாமா என்று கேட்டவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

பேய்க்கு உடம்பே இல்லையே, குண்டு எதில் படும்?

எதிலும் படாது. அதனால் துளைக்கும் கணக்கையெல்லாம் மூட்டை கட்டிவிட்டுப் பொருளைப் பரப்பும் கணக்குக்கு வாருங்கள். உப்பு ரவை உண்மையிலேயே இருந்த ஒன்று: தோட்டத்தில் திருட வருபவர்களை விரட்டக் கல் உப்பை ஷாட்கன் தோட்டாவில் போட்டுச் சுட்டார்கள். உப்பு லேசானது, தூரம் போகாது. அறைக்குள் நிற்கும் பேய்க்கு அது குறையே இல்லை. மந்திரித்த தண்ணீர் என்றால் வெடிமருந்தை மறந்துவிட்டு எளிதில் உடையும் கண்ணாடி உருண்டையைக் கையால் எறியுங்கள்.

வரம் வாங்கிய அசுரன்: எந்த ஆயுதத்தாலும் சாக மாட்டான். ஆட்டம் முடிந்ததா?

இங்கேதான் ஆட்டம் ஆரம்பம். நமுசி என்ற அசுரனை ஈரமானதாலும் உலர்ந்ததாலும், பகலிலும் இரவிலும் கொல்லக்கூடாது என்று கட்டு. இந்திரன் அந்தி நேரத்தில் நீர் நுரையால் கொன்றான். நுரை ஈரமா, உலர்ந்ததா? வரத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள், எந்த வார்த்தை விட்டுப்போயிருக்கிறதோ அதுவே உங்கள் குண்டு. "ஆயுதம்" என்றால் குண்டா, துப்பாக்கியா, சுடுபவனா? முன்பு சொன்ன பொத்தான் நினைவிருக்கிறதா? அது ஆயுதமே இல்லை.

வால்மீகி, ராவணனைக் கொன்ற அம்பை வர்ணிப்பதைத் தோட்டா வடிவமைப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். சிறகில் காற்று, முனையில் நெருப்பும் சூரியனும், உடல் ஆகாயம், எடைக்கு மேருவும் மந்தரமும். நிலையாகப் பறக்க என்ன, துளைக்க என்ன, தண்டு எது, கனம் எவ்வளவு. டிராகனுக்கு நாம் கேட்ட அதே கேள்விகள், ஒரே சுலோகத்தில்.

வீரர்களுக்கு எத்தனை தோட்டா கொடுப்பது?

அவர்கள் கேட்பதைவிடக் குறைவாக. கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி ஒரே ஒரு முறைக்கானது. அர்ச்சுனனுக்காகவே பத்திரப்படுத்தி வைத்திருந்தான். ராத்திரிப் போரில் கடோத்கசன் படையைத் துவம்சம் செய்தபோது, சுற்றி நின்றவர்கள் கெஞ்சக் கெஞ்ச அதை அவன்மேல் வீச வேண்டியதாயிற்று. அந்த ஆயுதம் தவறாமல் வேலை செய்தது. கர்ணன் தோற்றதும் அங்கேதான். உங்கள் வீரர்களுக்கும் ஒரே ஒரு நல்ல தோட்டாவைக் கொடுத்து, அதைத் தகுதியில்லாத மிருகத்தின்மேல் செலவழிக்க வைக்கிற ராத்திரி ஒன்றை உண்டாக்குங்கள்.

ஜெர்மன் நாட்டுப்புறக் கதையில் இதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். சாத்தானோடு சேர்ந்து வார்த்த ஏழு குண்டில் ஆறு வேட்டைக்காரன் நினைத்த இடத்தில் படும். ஏழாவது சாத்தான் நினைத்த இடத்தில். இதை என் விளையாட்டில் கொடுத்தபோது ஐந்தாவது குண்டுக்குப் பிறகு யாருமே துப்பாக்கியைத் தொடவில்லை. ஆறு என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை.

சுட்டாயிற்று, விழுந்துவிட்டது. அவ்வளவுதானே?

எங்கே விழுந்தது? கடோத்கசன் சாகும் தறுவாயில் உடம்பைப் பெருக்கிக்கொண்டு கௌரவர் படைமேல் விழுந்து ஓர் அக்குரோணிப் படையையே நசுக்கினான். 40 டன் டிராகனை ஊருக்கு மேலே சுட்டு வீழ்த்துபவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

விஷம் தோய்த்த தோட்டா வைக்கலாமா?

வைக்கலாம், விலை தெரிந்தால். ஹெராக்ளிஸ் ஹைட்ராவின் விஷத்தில் தன் அம்புகளைத் தோய்த்துக்கொண்டார். அதில் ஒன்று தவறுதலாகப் பட்டுத்தான் அவருடைய நண்பர் கைரன் ஆறாத வலியில் துடித்தார். இன்னொன்றால் சாகும் நெஸ்ஸஸ் என்ற குதிரை மனிதன் தன் ரத்தத்தை ஹெராக்ளிஸின் மனைவியிடம் வசிய மருந்து என்று கொடுத்தான். அந்த ரத்தம் தோய்ந்த உடையைப் போட்டுத்தான் ஹெராக்ளிஸ் வெந்து செத்தார். ஹைட்ரா செத்துப் பல வருடம் கழித்து.

வேட்டை முடிந்த பிறகு மிச்சத் தோட்டாக்களை என்ன செய்வது?

இதை ஒரே ஒருவர்தான் கேட்டார், ஆனால் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. சாபத்தால் பிறந்த இரும்பு உலக்கையை யாதவர்கள் பொடிப்பொடியாக அரைத்துக் கடலில் கொட்டினார்கள். தூள் கரையில் ஒதுங்கிக் கோரைப்புல்லாக முளைத்தது, அதைப் பிடுங்கியே அவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு மாண்டார்கள். அரைபடாத ஒரு துண்டை மீன் விழுங்கியது. மீனின் வயிற்றிலிருந்து அது ஜரா என்ற வேடனின் கைக்குப் போய் அம்பு முனையானது. மரத்தடியில் சாய்ந்திருந்த கிருஷ்ணனின் பாதத்தை மான் என்று நினைத்து அவன் எய்தது அந்த அம்பைத்தான்.

கேட்டவர் அடுத்த வாரம் தன் கதாபாத்திரத்தின் பையைக் கவிழ்த்து எண்ணினார். வெள்ளியில் நான்கு, எஃகில் ஒரு கைப்பிடி, ஏழாவது குண்டு ஒன்று. வெள்ளியை உருக்கிப் பொத்தானாக்கிச் சட்டையில் தைத்துக்கொண்டார். ஏழாவதை என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.